வீட்டுக்குள் கூப்பிடும் பெயர்

என் அப்பா எங்களைச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கொல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அக்கா அப்பளம். யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், நொறுங்கி அழுதுவிடுவாள். நான் மொச்சை. பிறந்தபோது தலை ஒரு பக்கம் நசுங்கி மொச்சைக்கொட்டை மாதிரி இருந்ததாம். தலை பிறகு சரியாகிவிட்டது. பெயர் அப்படியே தங்கிவிட்டது. கல்லூரிக்குப் போன காலத்திலும் மாடியிலிருந்து, "ஏல மொச்ச, தண்ணி வந்துட்டுல்லா, மோட்டாரப் போடு" என்று திருநெல்வேலிக் குரலில் கத்துவார். கீழே என் நண்பர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்ததில்லை. அவர்களில் ஒருவனை அவன் வீட்டில் 'கோக்கா' என்பார்கள். குட்டிப் பையன் என்று அர்த்தம். அவனுக்கு அப்போதே மீசை அடர்த்தியாக இருந்தது.

கொல்கத்தாவில் இது சாதாரணம். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வீட்டில் கூப்பிடுவது டாக்நாம். பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் புழங்குவது பாலோ நாம், அதாவது நல்ல பெயர். டாக்நாம் எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டு அப்பளமும் மொச்சையும் அந்தக் காலனியில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டார். சினிமா போவதில்லை, ஊருக்குப் போவதில்லை. இந்தப் பெயர்களை மட்டும் விடவில்லை.

நான் கல்யாணம் செய்துகொண்ட பெண் பவானிபூரைச் சேர்ந்தவள், வங்காளி. அவளை வீட்டில் 'புரி' என்று கூப்பிடுவார்கள். கிழவி என்று பொருள். பெண் குழந்தைகளை அங்கே அப்படிக் கொஞ்சுவது வழக்கம். அப்பாவை முதல்முறையாக அந்த வீட்டுக்கு அழைத்துப் போனபோது, சமையலறையிலிருந்து அவளுடைய அம்மா அவளைக் கூப்பிட்டார். அப்பாவின் காதில் அது பூரி என்று விழுந்தது. வந்த நேரம் முதல் உம்மென்று உட்கார்ந்திருந்தவர், வெளியே வந்து டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது என் தோளில் தட்டினார்.

"பூரியால? வீட்ல அப்பளம் இருக்கு, மொச்ச இருக்கு. பூரி மட்டுந்தான் இல்லாம இருந்துச்சு. நம்ம வீட்டுப் பொண்ணுதாம்ல."

அதுதான் அவருடைய சம்மதம்.

லேக் கார்டன்ஸில் ஒரு சின்ன வாடகை வீட்டில் குடியேறினோம். இரண்டாவது வருடம் மகள் பிறந்தாள். நர்ஸ் அவளை வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றி, தலைக்கு மேல் ஒரு மடிப்பு மடித்துக் கொண்டுவந்தார். அப்பா குனிந்து பார்த்தார்.

"கொழுக்கட்ட மாதிரில்லா இருக்கா."

அவ்வளவுதான், பெயர் வைத்தாகிவிட்டது. அன்று மாலை பவானிபூரிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அப்பா குழந்தையைக் கையில் வாங்கி, "கொழுக்கட்ட, கொழுக்கட்ட" என்று கொஞ்சுவதை என் மாமனார் கவனமாகக் கேட்டார். பிறகு என்னிடம் வங்காளத்தில் கேட்டார், "பெண்ணுக்குக் கொல்கத்தா என்றா பெயர் வைத்திருக்கிறார்?" அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். என் மனைவிக்குத் தையல் வலித்தது. சிரிக்க வைக்காதே என்று என் கையைக் கிள்ளினாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் ஒரே விஷயத்துக்காகச் சிரித்த வேறொரு நாளை யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

பவானிபூர்க்காரர்களுக்கு ழ வரவில்லை. அவர்கள் வைத்த டாக்நாம் புச்கி. குட்டியூண்டு என்று அர்த்தம். பாலோ நாமும் அவர்கள் வைத்ததுதான். நீளமான, அழகான சமஸ்கிருதப் பெயர். தடுப்பூசி போடும் இடத்தில் மட்டும் அதைச் சொல்வோம். மகளுக்குக் குழப்பமே இல்லை. இரண்டு வயதில், பேர் என்ன என்று அப்பா கேட்டால் "கொக்கட்ட" என்பாள். மாமியார் கேட்டால் "புச்கி." யார் கேட்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

நாங்கள் ஏன் பிரிந்தோம் என்பதை விளக்க எனக்கு இப்போதும் வராது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. பேசுவது குறைந்தது. பிறகு பேசினாலே சண்டையாகிற நிலை வந்தது. ஒரு கட்டத்தில் சண்டையும் நின்றது. அவள் ஒரு காலையில் இரண்டு பெட்டிகளோடு பவானிபூருக்குப் போனாள். மகளுக்கு அப்போது நாலு வயது. கோர்ட்டில் பெரிய வாதம் எதுவும் நடக்கவில்லை. பெண் அம்மாவோடு, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் என்னோடு என்று முடிவாயிற்று. ரிட்டயரான அப்பா குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து தங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பவானிபூரில் அந்தப் பழைய வீட்டின் முன்னால் தெருவில் நின்று, "கொழுக்கட்ட!" என்று குரல் கொடுப்பேன். அவள் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவருவாள். முதலில் அவளோடு தமிழில்தான் பேசினேன். அவள் வங்காளத்தில் பதில் சொல்வாள். ஐந்து வயதுவரை நான் சொல்வது புரிந்தது. ஆறாவது வயதில், "என்ன சொன்னே பாபா?" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் திரும்பத் தமிழில் சொல்வேன், பிறகு வங்காளத்தில் சொல்வேன். எங்களுக்கு இருந்ததோ ஒரு மதியம். அதில் பாதி இப்படியே போயிற்று. அவளுக்குச் சொல்ல நிறையக் கதை இருந்தது. பள்ளியில் எவளோ பென்சிலை எடுத்துக்கொண்டது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது. அதையெல்லாம் கேட்பதா, வார்த்தை சொல்லிக் கொடுப்பதா? நானும் வங்காளத்துக்கு மாறினேன். கடைசியில் எங்கள் இருவருக்கும் நடுவில் மிஞ்சிய தமிழ் வார்த்தை அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஒருநாள் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் கொழுக்கட்டை கிடைக்கும். வாங்கி வந்து தட்டில் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாபா, இது மோமோ."

"மோமோ இல்ல. உள்ளே தேங்காயும் வெல்லமும் இருக்கும். சாப்பிட்டுப் பார்."

கடித்தாள். மோமோவை எதிர்பார்த்த வாய்க்கு அந்த இனிப்பு பிடிக்கவில்லை. மெதுவாக என் கையில் துப்பினாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "தன்னையே துப்புதா பாரு" என்றார். அவளும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

ஒன்பதாவது வயதில் அவளை ஒரு டிராயிங் வகுப்பில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் நேராக அங்கேயிருந்து நான் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று ஏற்பாடு. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் அந்த வகுப்பு. முதல் நாள் பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். கூட வந்த பெண்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அதைச் சொல்லிப் பார்த்தாள். இன்னொருத்தி அதை ஹிந்தியாக்கி, "கோலு குத்தா!" என்றாள். குண்டு நாய். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் நான் சந்து முனைக்கு வரும்போதே அந்தப் பெண்கள் குரைக்கிற மாதிரி சத்தம் போட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்து வந்து, என்னைத் தாண்டியும் நடந்தாள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அன்று ஏரிக்கரைக்குப் போனோம். படகுகளைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜால்முரி வாங்கிக் கொடுத்தேன். அவள் பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், வங்காளத்தில் சொன்னாள்.

"பாபா, அந்தப் பேரச் சொல்லி இனிமே கூப்பிடாதே."

"அந்தப் பொண்ணுங்க கிண்டல் பண்றதாலயா?"

"அதுக்கும்தான். எனக்கே பிடிக்கல. அது என் பேர் மாதிரியே இல்ல."

"சரி. வெளியில கூப்பிடல. வீட்டுக்குள்ள மட்டும்?"

"வேண்டாம்."

அவள் குரலில் கோபமில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. என் மனம் புண்படக் கூடாதென்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள் என்று பட்டது.

"அப்போ எப்படிக் கூப்பிட? புச்கின்னு கூப்பிடவா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல முகம்.

"ஓட்டா தோ பாரிர் நாம்."

அது வீட்டுப் பெயரல்லவா என்றாள். வீட்டில் இருக்கிறவர்கள் கூப்பிடுவது.

"அப்ப நான்?"

கொஞ்சம் யோசித்தாள். "பாலோ நாமச் சொல்லியே கூப்பிடு. டீச்சர்லாம் அப்படித்தான் கூப்பிடறாங்க."

தன் வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளை. தீர்வு கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் மிச்சப் பொரியை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். திரும்பிப் போகும் ஆட்டோவில் அவளுடைய பாலோ நாமை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் "என்ன?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்ட முதல் தடவை அது. தபால்காரர் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். அடுத்த ஞாயிறு அவள் சாப்பிட வந்தாள். அப்பா உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னல, பிள்ளைக்குக் காது கேக்கலியா? கூப்பிடக் கூப்பிடத் திரும்ப மாட்டேங்கா."

"அப்பா, அப்படிக் கூப்பிட வேண்டாம்ங்கா."

"ஏன்?"

"பிடிக்கலையாம்."

அவர் அவளையே பார்த்தார். "பின்ன என்னன்னு கூப்பிட?"

பாலோ நாமைச் சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார். கூட்டெழுத்துகள் நிறைந்த பெயர், பல் போன வாயில் நிற்கவில்லை. அவள் பொறுமையாக, வகுப்பில் சொல்லித் தருவது போல, அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தாள். அவர் மறுபடி முயன்றார். பாதியில் நிறுத்திவிட்டு, "சரி, சரி, பெரிய பேரு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "அவளச் சாப்பிடச் சொல்லு" என்பார். "அவளுக்கு மோர் வேணுமான்னு கேளு." அவருக்கு வங்காளம் நன்றாகத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் வேலை பார்த்தவர். நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஏதாவது ஒரு பெயரில் தொடங்காமல் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா சென்னையிலிருந்து போனில் சமாதானம் சொன்னாள். "எல்லாப் பிள்ளைங்களும் பெருசானா அப்படித்தாண்டா. எனக்கே அப்பளம்னா ஒரு காலத்துல எரிச்சலா வந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு. அவளும் ஒருநாள் தானா கேப்பா பாரு." நான் 'ம்' கொட்டினேன். அக்காவுக்கு எரிச்சல் வந்தபோதும் அவள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள், ராத்திரி எங்கள் கூடவே சாப்பிட்டாள். கோபம் போய்த் திரும்பி வர அவளுக்கு அந்த வீடு இருந்தது.

பதினோராவது வயதில் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வந்தது. வாரத்துக்கொரு முறை என்பது மாதத்துக்கொரு முறையாயிற்று. தெருவில் நின்று குரல் கொடுப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. கீழே நிற்கிறேன் என்று போன் செய்வேன். பிறகு அவள் அம்மாவுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. இருவரும் போனார்கள். ஹவுரா ஸ்டேஷனில் வழியனுப்பப் போனேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். ரயில் நகர்ந்தபோது அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். எந்தப் பெயர் என்று தடுமாறுவதற்குள் பெட்டி கடந்துவிட்டது.

போன வருடம் துர்கா பூஜைக்கு வந்தாள். அப்போது பதினாலு வயது. என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம் குறைவு. அஷ்டமியன்று எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரம் வந்தாள், தோழிகள் பந்தலில் காத்திருப்பதாகச் சொன்னாள். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். நான் டீ போட்டேன். அவள் டீ குடிப்பதில்லையாம். புனேயில் மழை எப்படி, படிப்பு எப்படி என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். பிறகு மணியைப் பார்த்தாள், நான் போகச் சொன்னேன்.

அவள் படியிறங்கிப் போனாள். தெரு முழுக்கப் பூஜை மேளச் சத்தம். அப்பா ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

"இனி எப்ப வாராளாம்?"

"அடுத்த பூஜைக்கு. அதுவும் லீவு கெடச்சாத்தான்."

"ம்" என்றார். அவள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீயைத் தன் பக்கம் நகர்த்தி, ஆறிப்போயிருந்ததை அப்படியே குடித்தார்.