மூன்றாம் மாடியும் கண்ணாடி வெயிலும்

என் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகிற விஷயம் உலகத்திலேயே ஒன்றுதான்: நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. அத்தை மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், தனியாக. நாங்கள் இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில். இருபது வருடமாகச் சண்டை சச்சரவு இல்லை.

அத்தைக்கு எழுபத்தொரு வயது. முப்பத்துநாலு வருடம் ஓர் அலுவலகத்தின் அடித்தளத்தில் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவர். வெயில் பட்டால் காகிதம் பழுத்துவிடும் என்று அங்கே ஜன்னலே வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் இரட்டைத் திரை. வெளியே கிளம்பினால் முழுக்கை, குடை, கையுறை. வெயிலைக் கண்டால் ஆகாத சம்பந்தியைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வருடம் குளியலறை முக்காலியிலிருந்து எழ முடியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் மாடிப்படியில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர்தான் ஆடிப்போய்விட்டார்.

"நீ விழுந்து கெடந்தா எனக்கு யாரும்மா சொல்லுவா? வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு."

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா இரத்தப் பரிசோதனை செய்தார். வைட்டமின் டி பதினாலு. இருபதுக்கு மேலாவது இருக்க வேண்டுமாம். "வயசானா தோல் இதைத் தயாரிக்கிறதே குறைஞ்சிடும். நீங்க வெயில்லயும் போறதில்ல, போனாலும் மூடிக்கிட்டுப் போறீங்க. பாலும் ஒத்துக்கல, மீனும் தொடமாட்டீங்க. கால்ல பலம் எங்கேருந்து வரும்?" வாரம் ஒரு மாத்திரை, தினம் அரை மணி வெயில், காலுக்குப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்தார். பிறகு மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னார். அத்தையால் ஒரு முறைதான் முடிந்தது.

"ஆறு மாசத்துல அஞ்சு தடவை எழுந்துட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்கல. இல்லேன்னா நீ வந்துடணும்," என்றார் என் கணவர். அத்தை ஒப்புக்கொண்டார்.

மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டதோடு சரி. "வெயிலே போதும், மாத்திரை எதுக்கு?" தினமும் பத்து மணிக்குத் தவறாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பதின்மூன்று.

"ஜன்னலைத் திறந்து வெச்சுத்தானே உக்காந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"சாத்தித்தான். தூசி வராதா? திரை வெளுக்காம இருக்கக் கண்ணாடிக்கு ஃபிலிம் வேற ஒட்டியிருக்கேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடியே நிறுத்திடும்மா. மூணு மாசமா உங்களுக்குக் கிடைச்சது சூடு மட்டும்தான்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. தினமும் போனில் "வெயில்ல உக்காந்தீங்களா?" என்று விசாரித்தவள் நான்தான். எங்கே என்று ஒரு நாளாவது கேட்டேனா?

அதன்பிறகு நான் விடவில்லை. மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். குடையைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏற்றினேன்.

"கறுத்துடுவேன்டி!"

"இந்த வயசுல உங்களை யாரு பொண்ணு பாக்க வரப்போறாங்க? உக்காருங்க."

மறுபடி மூன்று மாதம். இரத்தத்தில் இருபத்தெட்டு வந்துவிட்டது. நாற்காலிதான் பாக்கி. டாக்டரம்மாவின் நர்ஸ் பக்கத்தில் நின்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் முழங்கால் நடுங்கியது. ஐந்தாவதில் பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். என் கணவர் அந்த நேரம் பார்த்துப் போனைக் குடைந்துகொண்டிருந்தார். நர்ஸ் நல்ல மனசுக்காரி. ஐந்து என்றே எழுதிவிட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அத்தை கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். ஐந்தை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் நாலு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"நடக்காததை எழுதக் கூடாதும்மா," என்றார் நர்ஸிடம். பிறகு மகனிடம் திரும்பினார். "நாலுதான்டா. பேச்சு பேச்சுதான். எப்ப காலி பண்ணணும்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

என் கணவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலி பண்ண வேணாம்மா. விழுந்தா, விழுந்தேன்னு நீயே போன் பண்ணிச் சொல்லிடுவே. எனக்கு அது போதும்."

அத்தை நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தி எழுந்து நின்றார்.

"இதை எண்ணிடாதே," என்றார் நர்ஸிடம்.