அம்மாவின் நோய் எனக்கில்லையாம்

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லையா, இல்லை இது சந்தோஷப்படும் விஷயமே இல்லையா என்று இன்றுவரை புரியவில்லை.

அம்மாவை மார்புப் புற்றுநோய் கொண்டுபோனது. பிறகு சித்தியை. போன வருஷம் அக்காவுக்கும் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து தேறிய அக்காவின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். பரம்பரையாக வரும் கோளாறு இருக்கிறது என்று முடிவு வந்தது. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். முன்கூட்டியே தெரிந்தால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், நோய் வருமுன்பே அறுவை சிகிச்சைகூடச் செய்துகொள்ளலாம்.

அக்கா கிள்ளானில் இருக்கும் எனக்கு உடனே போன் செய்தாள். “புதன்கிழமை பெட்டாலிங் ஜெயா ஆஸ்பத்திரிக்கு வா. உனக்கும் சேத்து அப்பாய்ன்மென்ட் எடுத்துட்டேன்.” அன்று முதல் குளிக்கும்போதெல்லாம் மார்பைத் தடவிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் விளக்கம் சொல்ல ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்தாள். அம்மா, சித்தி, அக்கா மூவரின் வட்டங்களையும் கறுப்பாக நிரப்பினாள்.

“அடுத்து நான்தாம்மா” என்றேன்.

அவள் பேனா அசையவில்லை. அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அக்கா நல்ல கறுப்பு, பெரிய கண். நானோ சேலை கட்டிப் பொட்டு வைத்த சீனத்தி.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆன்டி. உங்கள எடுத்து வளத்தாங்களா?”

இதில் மறைக்க ஒன்றுமில்லை. கைக்குழந்தையாக இருந்த என்னை ஒரு சீனக் குடும்பத்திலிருந்து அம்மா எடுத்து வந்தார் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். அந்தக் காலத்தில் இங்கே நடக்காத காரியமும் இல்லை. இன்றும் பாசாரில் மீன்காரர் என்னிடம் ஹொக்கியன் சீனத்தில் பேசுவார், நான் முழிப்பேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சோதனைக்குக் கிளம்பும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பாய்ன்மென்ட் எடுத்த அக்காவுக்கும் தோன்றவில்லை. எந்த டாக்டர் கேட்டாலும் அப்பாவுக்கு இனிப்புநீர், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஒப்பிக்கிறவள் நான். அப்பாவின் காலைப் பறித்த இனிப்புநீருக்குப் பயந்து இளவயதிலேயே சீனியை விட்டவள். நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

“இவ என் தங்கச்சி. வட்டம் போடும்மா” என்று அக்கா அதட்டினாள்.

அந்தப் பெண் போட்டாள். ஆனால் அம்மாவிடமிருந்து என் வட்டத்துக்கு வந்த கோட்டை மட்டும் விட்டு விட்டு இழுத்தாள். எடுத்து வளர்த்த பிள்ளைக்கு அப்படித்தான் போடுவார்களாம்.

“இந்த டெஸ்ட் உங்களுக்குத் தேவையில்ல ஆன்டி. எல்லாப் பொம்பளைங்க மாதிரி வழக்கமா செக் பண்ணிக்குங்க, போதும். உங்களப் பெத்தவங்க பக்கம் என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது லா.”

அப்படியென்றால் பயம் போய்விட்டதா, இல்லையா? அம்மாவின் நோய் என்றால் எங்கிருந்து வரும் என்றாவது தெரியும். இனி எதற்குப் பயப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தேன். “அப்ப எனக்கும் இல்ல லா!” என்று கத்தினாள். பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் அடுத்த வாரம் ரத்தம் கொடுக்க வேண்டும். நான் பேச்சை முடிக்காமலே போனை வைத்தேன்.

அக்காவைச் செராஸில் அவள் வீட்டில் விடக் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் வண்டிகள் ஜேம். வண்டி நின்றபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லவேளைடி, நீ அம்மா வயித்துல பொறக்கல.”

சொந்தக்காரர்கள் சண்டையில்கூட என்னிடம் சொல்லாத வார்த்தை அது. அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. எனக்கோ யாரோ என்னை வீட்டை விட்டு வெளியே அனுப்பியதுபோல இருந்தது. அனுப்புகிறவளோ என்னைக் காப்பாற்றிவிட்ட மகிழ்ச்சியில் இருந்தாள்.

“மொதல்ல வாயக் கழுவுக்கா” என்றேன்.