சைன் h-ஐ h-ஆல் வகுத்தால்

ஐம்பத்திரண்டு வயதில் டிப்ளமா படிப்பது வீரம் என்றார்கள் நண்பர்கள். கணக்குத் தாளில் நான் இரண்டு முறை கோட்டை விட்டபின் அந்தச் சொல்லை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது வாய்ப்பு, வாய்மொழித் தேர்வு. அதுவே கடைசி. அதிலும் போனால் கல்லூரி என்னை நீக்கிவிடும். நான் வேலை செய்யும் ஜெலாப்பாங் பட்டறையில் டிப்ளமாவுக்காகக் காத்திருந்த சூப்பர்வைசர் பதவி வேறொருவருக்குப் போய்விடும்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடி வகுப்பறை. சனிக்கிழமை காலை. நானும் விரிவுரையாளரும் மட்டும். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். நான் மிஸ் என்பேன். அவர் அண்ணே என்பார். மதிப்பெண் போடும்போது மட்டும் அந்த உறவு அவர் நினைவுக்கு வராது.

"சைன் x-ஓட டெரிவேட்டிவ். லிமிட் போட்டுக் கண்டுபிடிங்க. அரை மணி நேரம்."

சைன் (x + h)-இலிருந்து சைன் x-ஐக் கழித்து, h-ஆல் வகுத்து, போர்டில் விரித்தேன். இரண்டு துண்டாயிற்று. h பூஜ்யத்தை நெருங்கும்போது முதல் துண்டு காணாமல் போனது. மற்றதில் கோஸ் x-உம், அதைப் பெருக்கும் சைன் h / h-உம் நின்றன. பின்னதற்கு ஒன்று என்று போட்டேன். விடை கோஸ் x.

"அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு? மனப்பாடமா?"

"கால்குலேட்டர்லயே காட்டலாம் மிஸ்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்தான். சைன் h / h-இல் h-க்கு 0.01 போட்டேன். 0.01745 வந்தது. 0.001 போட்டேன். அதே 0.01745.

"என்ன வருது?"

"ஒண்ணு வர மாட்டேங்குது மிஸ்."

"அப்போ போர்டு தப்பு, இல்லாட்டி மெஷின் தப்புலா. இன்னும் பத்து நிமிஷம்."

அந்தக் கால்குலேட்டர் பட்டறையுடையது. ஒருமுறை யாரோ கோண அளவை ரேடியனுக்கு மாற்றிவைத்து, ஒரு நாள் முழுக்கத் துளைகளை இடம் மாற்றிப் போட்டோம். அன்றிலிருந்து எங்கள் கால்குலேட்டர்கள் எல்லாவற்றிலும் மோட் பொத்தானை டிகிரியில் வைத்துப் பசை ஊற்றி ஒட்டிவிட்டோம். நகத்தால் நெம்பினேன். நகம்தான் உடைந்தது.

மறுபடி அந்த எண்ணைப் பார்த்தேன். தெரிந்த முகம். வட்டத் தகட்டின் விளிம்பில் ஒரு டிகிரிக்கு எவ்வளவு நீளம் என்று பார்க்க, ஆரத்தை நாங்கள் தினமும் பெருக்குவது அதால்தான். π-ஐ நூற்றெண்பதால் வகுத்தது.

"மிஸ், இது டிகிரியில நிக்குது. டிகிரியில லிமிட் இதுதான். ரேடியன்ல ஒண்ணு."

"ஏன்? மெஷின் இல்லாம சொல்லுங்க."

ஆரம் ஒன்றாக ஒரு வட்டம் வரைந்தேன். முட்டையாகத்தான் வந்தது. ரேடியனில் கோணம் h என்றால் வில்லின் நீளமும் h. உள்ளே ஒரு முக்கோணம், அதைச் சுற்றி வட்டத்துண்டு, அதற்கும் வெளியே பெரிய முக்கோணம். மூன்றின் பரப்பையும் வரிசையாக எழுதி வகுத்தால், சைன் h / h ஒரு பக்கம் கோஸ் h-க்கும் மறுபக்கம் ஒன்றுக்கும் இடையில் சிக்குகிறது. h சிறுக்கச் சிறுக்க கோஸ் h-உம் ஒன்றை நோக்கி நெருங்குகிறது. நடுவில் இருப்பதற்கு வேறு போக்கிடம் இல்லை. அதன் நிலைமை எனக்கு நன்றாகவே புரிந்தது.

அவர் முட்டையின் மேல் ஒரு டிக் போட்டார்.

"பாஸ், அண்ணே."

"எத்தனை மார்க் மிஸ்?"

"அதைக் கேக்காதீங்கலா."

முட்டையை அழித்துவிட்டுப் படியிறங்கினேன்.