மட்காட்டைக் கழற்ற வைத்த ஷோர்ட்ஸ்

கண்டியில் மலைச் சைக்கிள் டுவர் நடத்தும் ஒரு கடையில் பத்தொன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். "வாட்டர்ப்ரூஃப் ஷோர்ட்ஸ் போட்டா நனையாம சைக்கிள் ஓடலாமா?" என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1. ஜக்குத் தண்ணீர்

எங்கள் முதலாளி ஒரு பெட்டி நிறைய அந்த ஷோர்ட்ஸ் வாங்கி வந்தார். வருகிற ஆட்களுக்கு முன்னால் ஒன்றை விரித்துப் பிடித்து ஜக்குத் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் உருண்டு ஓடிவிடும். ஆட்கள் கை தட்டுவார்கள். நானும்தான் தட்டினேன், மடையன்.

மறுநாள் என்னிடம், "மட்காட் எல்லாத்தையும் கழட்டிடுங்க. ஷோர்ட்ஸ் இருக்கும்போது அது எதுக்கு? போட்டோவுல அசிங்கமா இருக்கு" என்றார். சக்கரத்துக்கு மேலே சேற்றைத் தடுக்கும் அந்தத் தகடுகளை அன்றே கழற்றினேன். சைக்கிள்காரனுக்கு மழை கீழேயிருந்தும் வரும் என்பது மெக்கானிக்கான எனக்கே உறைக்கவில்லை.

2. உட்காராத கைட்

ரிஸ்வான் எங்கள் கைட், பக்கத்து ஊரான மடவளைக்காரன். விடாத மழையில் மூன்று நாள் கலகெதரப் பக்கம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து உடுப்பை மாற்றி, ஷோர்ட்ஸைக் கொடியில் போட்டவன் கதிரையில் உட்காராமல் நின்றான்.

"குந்த ஏலாம இரிக்கி அண்ணே. துடை ரெண்டும் தோல் போயிட்டு. பின் டயர் அடிக்கிற சேத்துத் தண்ணி இடுப்பால உள்ளுக்குப் போகுது. வேர்வையும் வெளிய போக ஏலா. ஊறிக்கிட்டே போனேன்."

முதலாளி அதைக் கேட்டுவிட்டார். "ஒனக்குப் போடத் தெரியல. அடுத்த மாசப் பெரிய டுவருக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அந்த டுவர் போனால் ரிஸ்வானுக்கு அந்த சீசனே போச்சு.  நானும் அவனும் முதலாளிக்குப் பின்னாலேயே முன்கடைக்குப் போனோம்.

3. பிழிந்தேன்

அந்த டுவரை ஒழுங்கு செய்ய கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா அங்கேதான் இருந்தார். முதலாளி வெட்கமே இல்லாமல் ரிஸ்வானின் ஷோர்ட்ஸைக் கொடியிலிருந்து எடுத்து வந்து காட்டினார். "நம்ம கைட் மூணு நாள் மழையில போட்டது மேடம். தொட்டுப் பாருங்க, காஞ்சு கெடக்கு."

வெளித்துணி உண்மையிலேயே காய்ந்துதான் இருந்தது. அதைப் பிடுங்கி, உள்ளே இருந்த பஞ்சுத் துணியை அந்த இடத்திலேயே பிழிந்தேன். மண்ணிறத் தண்ணீர் பளபளத்த டைல்ஸில் கொட்டியது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

அம்மா என் பின்னால் நின்ற ரிஸ்வானிடம் திரும்பினார். "அப்ப நனையாம ஓட என்ன செய்யணும்?"

"நனையாம ஓட ஏலா மேடம். மட்காட் வேணும். காத்துப் போற ஷோர்ட்ஸ் ஒண்டு, பகல் சாப்பாட்டோட மாத்த இன்னொண்டு. அப்ப தோல் தப்பும்."

"இவரே எங்களோட வரட்டும்" என்றார் அம்மா.

அன்று பின்னேரமே மட்காட் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். முதலாளி ரிஸ்வானிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மட்காட்டுகளைக் கழற்றியது என் கையாக இருந்தும் நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குள்ள அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒரு சாமான் நல்லதா என்று விற்கிறவனிடம் கேட்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடினவனுக்கு ஒரு கதிரையைக் கொடுத்து, உட்காருகிறானா என்று பாருங்கள்.