ஜலஜாட்சிக்குக் கோபம் வராத எட்டு நாள்

மீன் வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, தாமோதர பண்டாரி சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டார். மறக்கவெல்லாம் இல்லை, மத்தி மீன் பை வேலிக்கு வெளியே பலாமரத்தில் தொங்கியது. மனைவி ஜலஜாட்சிக்குக் கோபம் வரவேண்டும், அதைக் கண்குளிரப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"அதுக்கென்ன, ஊறுகாய் இருக்கு," என்றாள் அவள், சிரித்த முகமாக.

குந்தாபுரம் பக்கத்து யட்சகானக் கூத்துக் குழு ஒன்றில் பண்டாரிக்குப் பெண்வேஷம். ஐம்பத்திரண்டு வயதாகியும் மீசை வைத்ததில்லை. கல்யாணத்தன்றே பெண்வீட்டுக் கிழவிகள், "பொண்ணைவிட மாப்பிள்ளை லட்சணம்" என்று சொல்லித் தொலைத்தார்கள். ஜலஜாட்சி அதை இன்னும் மன்னிக்கவில்லை. எட்டு முழச் சேலையில் குதித்து ஆடுவார், ஒரு மடிப்புக் கலையாது. வேட்டிதான் பத்தடிக்கு ஒருமுறை அவிழும்.

கோபித்துக்கொண்ட ராணியாக அவர் வந்துவிட்டால் கூட்டம் அசையாது. அதற்கு அவர் வைத்திருந்த வழி ரொம்பச் சுலபம். ஆட்டம் உள்ள நாளில் காலையிலேயே வீட்டில் ஒரு சண்டையை மூட்டிவிடுவார். "என்ன இருந்தாலும் உன் தங்கச்சி வைக்கிற மீன் குழம்பு தனிதான்" என்பார். அவள் முறுக்கிக்கொள்வதை ஒன்றுவிடாமல் மனத்தில் வாங்கி, சாயங்காலம் அப்படியே மேடையில் இறக்குவார். இருபத்தாறு வருஷமாக இது அவளுக்குத் தெரியாது. "புருஷன் சேலை கட்டி ஆடறதை எவ பாப்பா?" என்று அவள் ஆட்டத்துப் பக்கமே போனதில்லை.

போன வாரம் தங்கை அவளை ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ராணி முகத்தைத் திருப்பியதும், முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பி ஜலஜாட்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். வீடு திரும்பியவள், "நல்லா ஆடினீங்க" என்றாள். அன்றிலிருந்து சிரிப்புத்தான். பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டார், சிரித்தாள். அவள் சீப்பால் நாய்க்குத் தலைவாரினார்; "பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா" என்றாள்.

இன்று சாயங்காலம் திருவிழா ஆட்டம். குழு முதலாளி நேற்றே சொல்லிவிட்டார்: "என்ன பண்டாரி, ரெண்டு ஆட்டமா ராணிக்குக் கோபமே வரலை? நாளைக்கும் இப்படின்னா அந்தச் சின்னப் பையன் சுதாகரன் ராணி வேஷம் கட்டட்டும். நீ தோழியா நில்லு." தோழிக்கு வசனம் இரண்டே இரண்டு.

பண்டாரி போய் மீன் பையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"தோத்துட்டேன் ஜலஜா. இன்னைக்கு ஒரு நாள் கோவிச்சுக்கோ."

"எனக்கென்ன குறைச்சல், கோவிச்சுக்கறதுக்கு?"

"நீ எப்படிக் கோவிச்சுக்குவேன்னே மறந்துபோச்சு. இது சரியா, பாத்துச் சொல்லு." துண்டை முந்தானையாகப் போட்டு, இடுப்பை ஒடித்து, உதட்டைப் பிதுக்கி, முகவாயை வெடுக்கென்று திருப்பினார். வளையல்காரனிடம் பேரம் படியாதவள் மாதிரி இருந்தது. அவருக்கே அழுகை வந்தது.

ஜலஜாட்சியின் சிரிப்பு நின்றது.

"நான் இப்படியா பண்றேன்? உதட்டையா பிதுக்கறேன்? ஊர் நடுவுல என் பேர்ல இதைத்தான் ஆடப்போறீங்களா?"

"பின்னே எப்படிப் பண்ணுவே?"

"எப்படியும் இல்லை. நான் என்னைக்கு உங்ககிட்ட முறுக்கிக்கிட்டேன்?"

கேட்டுவிட்டு எழுந்தாள். முதலில் இடது தோளைத் திருப்பினாள். ஒரு கணம் நின்றாள். அதன் பிறகுதான் முகத்தைத் திருப்பி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவோரத்தில் பண்டாரியின் இடது தோள் மெதுவாக அவள் பின்னாலேயே திரும்பியது.