எதை முழுங்க முடியல?

தையல்கடைக் கண்ணாடி, துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக மாட்டியது. இரண்டு மாதமாக அதில் அதிகம் தெரிந்தது தையல்காரியின் கழுத்துதான். வந்த ஆள் படி இறங்கியதும் முகவாயைத் தூக்கிப் பார்ப்பாள், விரலால் தடவுவாள், செருமுவாள். தொண்டைக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஏதோ உட்கார்ந்திருந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அது எந்த நோயாக இருக்கும் என்று நினைத்தாளோ, அதன் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு மட்டும் அடுத்த மூன்று வருடத்துக்கான பள்ளிச் சீருடைகளை வெட்டித் தைத்து மடித்து வைத்துவிட்டாள்.

"அண்ணி, நீங்க செருமுறதுக்கு ரோட்டுல போற பஸ்ஸே நின்னுடும் போல. கிளம்புங்க" என்று நாத்தனார்தான் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். உள்ளே போனதும் அவளே முந்திக்கொண்டாள்.

"அண்ணியால முழுங்கவே முடியல டாக்டர்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமாக எழுதும் தாளை இழுத்தார். பேனா தாளைத் தொடும் முன் நின்றது.

"எதை முழுங்க முடியல? சாப்பாட்டையா, எச்சிலையா?"

"எச்சிலைத்தான் டாக்டர்" என்றாள் தையல்காரி.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி. ரெண்டு வாழைப்பழம்."

"சிக்கிச்சா?"

யோசித்தாள். "இல்ல. சாப்பிடும்போது அது இருக்கறதே தெரியாது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன அண்ணி!"

"நீ எங்க என்னை வாயத் திறக்க விட்ட?"

டாக்டரம்மா தாளைத் தள்ளி வைத்தார். வலி, உடல் இளைப்பு, குரல் மாற்றம், ரத்தம், புகைப் பழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். கழுத்தை இரண்டு பக்கமும் நிதானமாக அழுத்தினார்.

"கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படல. தொண்டைத் தசை இறுகியிருக்கும்போல. செருமச் செரும இன்னும் இறுகும். செருமத் தோணினா ஒரு மடக்கு தண்ணி குடிங்க. தொட்டுத் தொட்டுப் பார்க்காதீங்க. நாலு வாரம் கழிச்சு வாங்க. நடுவுல சாப்பாடு சிக்கினாலோ, வலிச்சாலோ, உடம்பு இளைச்சாலோ, குரல் மாறினாலோ உடனே வரணும்."

"அப்போ... புத்துநோய் இல்லையா?" முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வந்தது. நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"இப்ப அதுக்கான அடையாளம் எதுவும் இல்லம்மா."

"'இப்ப'ன்னா?"

"அதுக்குத்தானே மறுபடி வரச் சொல்றேன்."

வெளியே தெருவைக் கடக்கும்போது தையல்காரியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நாத்தனார் பட்டென்று தட்டிவிட்டாள்.

"நாலு வாரம்னு சொன்னாங்க அண்ணி. இன்னும் நாலு நிமிஷம்கூட ஆகல."