தாட்சாயணி விட்ட வெள்ளை

தாட்சாயணியின் வேலை தலை வைப்பது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஃபிளெக்ஸ் கடையில் அதற்கு அதுதான் பெயர். பிறந்தநாளோ கல்யாணமோ, யார் தலை பெரிது, யார் தலை சிறிது, யார் பக்கத்தில் யார் என்று கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும். ஒரு மச்சானின் தலை விரலளவு குறைந்தாலும் சம்பந்தி வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். பதினோரு வருடமாக அவள் அடுக்குகிறாள், நான், சீனு, மெஷினில் அடித்துக் கொடுக்கிறேன்.

ஆனால் அவள் மனசெல்லாம் படப்புத்தகத்தில். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது குழந்தைகள் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து, ஒரே பக்கத்தை ரேணிகுண்டா வரும்வரை பார்ப்பாள். முப்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினாள். மூலையில் சின்னதாக ஒரு யானைக்குட்டி, மீதி முழுக்க வெறும் வெள்ளை.

"இதுல இன்னா இருக்குது?" என்றேன்.

"அம்மாவைக் காணோம். ஒரு எழுத்து எழுதாம சொல்லிட்டாங்க பாரு. இந்த வெள்ளைதான் கதை."

எனக்குப் பேப்பர் வீணானதுதான் தெரிந்தது. எங்கள் முதலாளி இஸ்மாயில் பாய்க்கும் அப்படித்தான். உள்ளங்கை அளவு இடம் காலியாக இருந்தால் போதும், "அங்க ரெண்டு தலை வெக்கலாமேம்மா" என்று வந்து நிற்பார்.

போன ஏப்ரலில் ஸ்வர்ணலதா மேடம் கடைக்கு வந்தார். நர்சரிப் பள்ளி நடத்துபவர். நான்கு வகுப்பறைச் சுவர்களிலும் கதை வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தார். பிடித்திருந்தால் ஜூனிலிருந்து அங்கேயே வேலை. தாட்சாயணி தன் நோட்டைக் காட்டினாள். மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோட்டுல யாரு வேணும்னாலும் போடுவாங்கம்மா. ரோட்டுல நிக்கிற மாதிரி உன்னுது ஒண்ணு காட்டு," என்றார்.

ஊர் முழுக்க அவள் செய்த ஃபிளெக்ஸ்தான், ஆனால் அவளுடையது என்று காட்ட ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பாவமாக இருந்தது.

அடுத்த வாரமே யஸ்வந்த் என்ற பையன் வந்தான். அப்பா கோவர்த்தனன், மாங்காய் மண்டிக்காரர். அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். "தலைங்கள்லாம் வேணாம்கா. நைனா புத்தலப்பட்டுல இருந்து கூடை தூக்கிக்கினு வந்த ஆளு. புதுசா ஏதாச்சும் பண்ணுங்க," என்றான்.

மூன்று நாள் வரைந்தாள். பென்சில் கோட்டில், சாம்பல் நிறத்தில் கோவர்த்தனன். தலையில் மாங்காய்க் கூடை, முன்னால் நீண்டு போகும் ஒற்றைப் பாதை. முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பிச் சிரிக்கிறார். சுற்றிலும் வெள்ளை. வாழ்த்து வாசகம் அடியில் பொடி எழுத்தில். மெஷினிலிருந்து அது இறங்கி வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவளிடம் சொல்லவில்லை, கொழுப்புதான்.

சனிக்கிழமை மாலை தெரு முனையில் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக மேடம் சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கோவர்த்தனன் வீட்டு வாசலில் முதல் ரோஜா மாலை வந்தது. பல் துலக்கிக்கொண்டே அவரே கதவைத் திறந்தார். மாலையோடு வந்த மைத்துனர் பாதி ஒப்பாரியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டு மணிக்குள் புத்தலப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம். ஒன்பதுக்கு ஃபிளெக்ஸை அவிழ்த்தார்கள்.

யாரையும் குறை சொல்ல முடியாது. கலர் இல்லாத ஒற்றை முகம், சுற்றிலும் வெள்ளை, தலை அடுக்கு கிடையாது என்றால் எங்கள் ஊரில் அது சிரத்தாஞ்சலி, செத்தவர்களுக்குக் கட்டும் கண்ணீர் அஞ்சலி. துக்கத்துக்கு அந்த அமைப்பைக் கடையில் கொண்டுவந்ததே தாட்சாயணிதான். மற்ற கடைகள் அவளைப் பார்த்துத்தான் செய்தன. ஊருக்குப் படம் படிக்கத் தெரியாது என்று புலம்பிக்கொண்டிருந்தாள், அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஊர் படித்துவிட்டது.

அவிழ்ப்பதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போன மேடம் போனில் பேசினார். "படம் ரொம்ப நல்லா இருக்குதும்மா. எனக்கே அழுகை வந்துச்சு. ஆனா சின்னப் பசங்க இருக்கிற ரூமு. சாவுக்குப் படம் போடுற அந்தக் கை வேணாம்மா."

திங்கட்கிழமை ரத்தினம்மா என்கிற அம்மா புருஷனின் போட்டோவோடு வந்தார். கருமாதிக்கு அதே மாதிரி வேண்டுமாம், அவர் மாட்டோடு நடந்துபோகிற மாதிரி. தாட்சாயணி முடியாது என்றாள். அந்த அம்மா அழுதார். வரைந்து கொடுத்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். இஸ்மாயில் பாய் அதற்கு "தாட்சாயணி மாடல்" என்று பெயரே வைத்துவிட்டார், மற்ற கடைகளிலும் இப்போது அதே பெயர்தான். இப்போது பாதி ஃபிளெக்ஸைக் காலி விட்டாலும் அவர் தலை வைக்கச் சொல்வதில்லை. நான் பார்த்த வரையில் திருப்பதித் தெருக்களில் நல்ல படம் என்றால் அவைதான். செத்தால்தான் கிடைக்கும்.

போன வாரம் மனசு கேட்காமல், "வேற கடைக்குத்தான் போயேன், அங்க கல்யாணம் காதுகுத்துன்னு நல்லதா நாலு வரையலாம்ல?" என்றேன்.

"போனேன் சீனு, ரெண்டு கடைக்குப் போனேன்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் பேரைச் சொன்னேன். ரெண்டு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. உங்க வூட்ல யாருக்கும்மான்னு கேட்டாங்க."